முதலாளி எழுதாத நாலு வரி

டீச்சரின் பேனா டப்பாவில் ஏழு பேனா இருந்தது. கணக்கு டீச்சருக்கு எதற்கு ஏழு பேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும், விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம் இருந்தது. கடைசிக்கு முந்தின வருஷப் பிள்ளைகளைப் பத்து நாள் ஊருக்குள் இருக்கிற கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அனுப்பி, வேலை என்றால் என்ன என்று பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். அதற்குப் பொறுப்பு டீச்சர். பொறுப்பு என்றால் பெயருக்கு இல்லை. செருப்புத் தேயத் தேய நடந்து, லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி, பல் செட் செய்கிற லேப், பேக்கரி, அச்சகம், நாய் பூனை டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடை என்று வாசல் வாசலாக நின்று, "பத்தே நாள் சார், பிள்ளைங்க ஒரு ஓரமா நின்னு பாத்துக்கும், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்று கெஞ்சிப் பிடித்த இடங்கள் அவை. முதல் வருஷம் ஆறு பிள்ளைகள் போனார்கள். போன வருஷம் நாற்பத்திரண்டு. இதைத் தனியாளாகச் செய்தவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லப்போனால் அதுதான் வினை.

பத்து நாள் முடிந்ததும் முதலாளி ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். "மாணவரைப் பற்றிய கருத்து" என்று போட்டு, கீழே நாலு வரி காலியாக இருக்கும். அந்த நாலு வரியை வாங்குவதற்குள் டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க, எங்கேயோ வச்சேனே, காணோமே. லிஃப்ட்காரர் படிவத்தின் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார். கடைசியில் கண்ணாடிக்கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"சீல் போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தந்துடறேன் டீச்சர். நல்லதா நாலு வரி நீங்களே எழுதிக்கோங்க. பிள்ளைங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும், உங்களுக்குத்தானே தெரியும்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த வருஷத்திலிருந்து டீச்சர் முதல் நாளே எல்லாரிடமும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். முதலாளிகளுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எழுத உட்காருவார். லிஃப்ட்காரருக்குப் பட்டை முனைப் பேனா, அழுத்தமான குண்டெழுத்து, ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார். நாய் பூனை டாக்டருக்குச் சாய்வெழுத்து, பாதி புரியக்கூடாது. பேக்கரி அம்மாவுக்குப் பச்சை மை, வாய் நிறையப் பாராட்டு. வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்: "இன்னைக்கு எந்த முதலாளி பேசறார்?" டீச்சருக்குச் சிரிப்பு வரும். கடனே என்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரசித்துச் செய்தார். பின்னால் நினைக்க நினைக்க உறுத்தியது அதுதான்.

போன வருஷம் நாற்பத்திரண்டாவது படிவம் ஒரு பெண்ணுடையது. வகுப்பில் அவளைப் பென்சில் என்பார்கள். அவ்வளவு ஒல்லி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்க்கும், அவ்வளவு மௌனம். கண்ணாடிக்கடைக்குப் போனவள். டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மூன்று வருஷம் கணக்குப் பாடத்துக்கு எதிரே உட்கார்ந்த பெண்தான், ஆனால் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாளில் ஒரு நாள் கடைக்குப் போய் எட்டிப் பார்த்ததும் உண்டு. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்த தன் கண்ணாடியைக் கழற்றி, இறுக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பையில் இருந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த தெரு அச்சகத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கடைக்காரர் கல்லாவில் இருந்தார், கண்ணாடி தயாராக இருந்தது. அதற்கப்புறம் அது ஒரு நாளும் வழுக்கவில்லை. "அவர் கை பட்டா தனிதான்" என்று டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லி, நாலு பேரை அந்தக் கடைக்கு அனுப்பியும் வைத்தார்.

கண்ணாடி நினைவு வந்தது, பெண் வரவில்லை. அதனால் பேனா போன போக்கில் எழுதினார்.

"அதிகம் பேசுவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கவனிக்கிறாள். நானும் சொல்லாமல் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நுணுக்கமான வேலைக்கு ஏற்ற கை. படிப்பு முடிந்ததும் வந்தால் எங்கள் கடையில் இடம் உண்டு."

கடைசி வரி தேவையே இல்லை. நாலாவது வரி காலியாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினார். "கண்ணாடிக்காரருக்கு இவ்வளவு நல்ல மனசா?" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், டீச்சர் இந்த வருஷத்துப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கு. வேலைக்கு வரச் சொன்னீங்களேங்குது. என் சீல், என் கையெழுத்து, எல்லாம் இருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?"

டீச்சர் பட்டியலை அப்படியே மூடிவைத்தார். ஆட்டோ பிடித்துப் போனார்.

பென்சில், கடை ஓரத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அந்தப் படிவம். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் மலர்ந்தது. தனக்காகப் பேசத்தான் டீச்சர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

கண்ணாடிக்காரர் டீச்சரைப் பவர் செக் பண்ணுகிற அறைக்குள் கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டார். பலகையில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இருக்கிற ரெண்டு பேருக்கே வேலை இல்லை டீச்சர். இதுக்கு நான் எங்க போவேன்?" குரலைத் தாழ்த்தினார். "வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது என் தப்பு. எழுதினது நீங்க. ரெண்டு பேர் மானமும் போகவேண்டாம். இப்ப ஆள் எடுக்கலைன்னு சொல்லி அனுப்பிடறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினார்.

வெளியே வந்து கண்ணாடிக்காரர், வியாபாரம் முன்னே மாதிரி இல்லைம்மா, இப்ப ஆள் எடுக்க முடியாத நிலைமை, மன்னிச்சுக்கோ என்று சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். டீச்சர் பக்கத்தில் நின்று ஃபிரேம் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை சார்," என்றாள் பென்சில். அப்புறம், பேசிப் பழகாத குரலில், "அப்படி எழுதினதுக்கு தேங்க்ஸ் சார். நீங்க என்னைப் பாத்துக்கிட்டு இருந்ததே எனக்குத் தெரியாது" என்றாள்.

கண்ணாடிக்காரர் குனிந்து இல்லாத தூசியைத் துடைத்தார்.

டீச்சர் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தார். சும்மா இருக்க முடியாமல், வேறெங்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். போட்டிருந்தாள். பக்கத்து ஊர் இன்ஸ்டிட்யூட்டில், லென்ஸ், கண்ணாடி சம்பந்தமான ரெண்டு வருஷப் படிப்பு. இடமும் கிடைத்திருந்தது.

"அப்புறம் என்ன?"

"போன வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் மிஸ். போகலை. வேலையே தயாரா இருக்கும்போது அதுக்காக ரெண்டு வருஷம் எதுக்குப் படிக்கணும்னு அம்மா கேட்டாங்க. எனக்கும் சரின்னு பட்டுது."

பஸ் வந்தது. "பாக்கலாம்மா, நான் ஏதாவது பண்றேன்" என்றார் டீச்சர். வாயில் வந்தது அவ்வளவுதான். பஸ் போனபின் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. நாலாவது வரி காலியாக இருந்தது என்பதற்காக ஒரு பெண்ணின் ரெண்டு வருஷத்தைத் தின்றாகிவிட்டது.

மறுநாள் காலை இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன் போட்டார். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷர். ஒரு இடம் வியாழக்கிழமை வரை காலியாக இருக்கும், ஏன் தாமதம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம், தலைமையாசிரியை கையெழுத்தோடு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். டீச்சருக்கு மூச்சு வந்தது. உடனே பேனாவை எடுத்தார். கடும் காய்ச்சல் காரணமாக மாணவி குறித்த நாளில் சேர இயலவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் அரைப் பக்கம் ஓடியது. இந்த வேலைக்குத்தான் அவர் கை பழகியிருந்ததே.

அதைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் பென்சில் வீட்டுக்குப் போனார். ஒரு லாண்டரிக்கு மாடியில் ஒற்றை அறை. அவள் அம்மா அந்த லாண்டரிக்குத்தான் இஸ்திரி போடுகிறவர். மேஜை முழுக்க அடுத்தவர் சட்டைகள், அறை முழுக்கச் சூடு. இருந்த ஒரே நாற்காலியை டீச்சருக்குத் துடைத்துப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தார் அந்தம்மா.

"எழுதிக் குடுத்துட்டு இல்லைங்கறாரே, மனுஷனா அவர்?" என்று ஆரம்பித்தார். "அந்தப் பேப்பரை நான் எத்தனை பேர்கிட்டக் காட்டியிருப்பேன். கீழே லாண்டரி முதலாளிகிட்ட, என் தங்கச்சிகிட்ட. என் பொண்ணைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லை டீச்சர். இவதான் பேசமாட்டாளே, யாருக்குத் தெரியப்போகுது? வாக்கு மாறின அந்த மனுஷன் எங்கே, வெயில்ல எங்க பிள்ளைங்களுக்காக அலையற நீங்க எங்கே."

டீச்சர் அவசரமாகக் கடிதத்தை எடுத்துப் பென்சிலிடம் நீட்டினார். "இதை எச்.எம். கையெழுத்தோட குடுத்தா உனக்கு அந்த இடம் கிடைச்சுடும்மா. நாளைக்கே வாங்கித் தந்துடறேன்."

பென்சில் நின்றபடி படித்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வரலையே மிஸ்."

"ஏதாவது ஒரு காரணம் போடணும்ல. இப்படித்தான் எல்லாரும் எழுதறது."

அவள் கடிதத்தை மறுபடி பார்த்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து, மடித்த சட்டைகளை ஒதுக்கி, ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். பேனா வேறே, மை வேறே, சாய்வும் வேறே. ஆனால் 'ற'வின் வால் ரெண்டிலும் ஒரே மாதிரி உள்பக்கம் மடங்கிச் சுருண்டிருந்தது. அவள் விரல் முதலில் இந்த வாலில் நின்றது, அப்புறம் அந்த வாலில் நின்றது. ஏழு பேனா வாங்கின டீச்சருக்கு அந்த வால் இத்தனை வருஷமாகக் கண்ணில் பட்டதே இல்லை.

"என்னடி பாக்கறே?" என்றார் அம்மா.

இல்லை என்கிற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ பேருக்கு ஒரே மாதிரி எழுத்து இருக்கும் என்று சொன்னால் அந்தம்மா நம்புவார். அந்தம்மா எதைச் சொன்னாலும் நம்புவார். அதுதான் தாங்கவில்லை.

"அது நான் எழுதினதுங்க," என்றார் டீச்சர். "கண்ணாடிக்காரர் மேல தப்பில்லை. அவர் வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். வேலை தர்றேன்னு அவர் சொல்லவே இல்லை. நானா எழுதினேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். திட்டுவார் என்று டீச்சர் காத்திருந்தார். நன்றாக நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அந்தம்மா வந்து, பாதி குடித்த டீ டம்ளரை டீச்சர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தார். முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"நாலு வரியுமா மிஸ்?" என்று கேட்டாள் பென்சில்.

"நாலும்."

"'சொல்லாமல் கவனித்துக்கொண்டிருந்தேன்'ங்கறதுமா?"

"அதுவும்தான்."

"அவர் பாத்திருப்பார்னு நெனச்சேன்," என்றாள். "பத்து நாளும் ஃபிரேம் துடைக்கத்தான் விட்டாங்க. ஒரே ஒரு நாள், அவர் சாப்பிடப் போனப்ப, நானே ஒரு கண்ணாடியைச் சரி பண்ணினேன். நோஸ் பேடை நெருக்கி, காது கம்பியைச் சூடு காட்டிக் கொஞ்சம் வளைச்சேன். அவர் வந்து அதைக் கையில எடுத்துப் பாத்தார், ஒண்ணும் சொல்லலை. அப்புறம் இந்தப் பேப்பரைப் படிச்சதும், ஓ, தெரிஞ்சுதான் இருந்திருக்கார்னு நெனச்சேன்."

டீச்சரின் கை தானாக மூக்குக்குப் போனது. கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டார்.

"யாரோட கண்ணாடிம்மா?"

"உங்களோடதுதான் மிஸ். இப்பப் போட்டிருக்கீங்களே." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கதான் என் கையில குடுத்தீங்க. 'இதைக் கொஞ்சம் இறுக்கி வைக்கச் சொல்லும்மா'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

ஒரு வருஷமாக அந்தப் பெண்ணின் வேலையை மூக்கின் மேல் சுமந்துகொண்டு, இன்னொருவர் கை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். கண்ணாடியை அவள் கையில்தான் கொடுத்திருக்கிறார். எதிரே ஒரு அலமாரி நின்றிருந்தால் அதன் மேல் எப்படி வைத்திருப்பாரோ அப்படிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் அந்த ஒற்றை நாற்காலியில் கூனிக் குறுகிப் போனார். வயது ஐம்பத்துமூன்று. இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வேறே பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்.

பென்சில் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தாள். டீச்சர் இஸ்திரி மேஜை ஓரத்தில், டப்பாவைத் திறக்காமல், அவள் தந்த பேனாவாலேயே எழுதினார். முதலாளியின் கருத்து என்று கொடுத்தது தானே இட்டுக் கட்டியது, வேலை உண்டு என்று அதை நம்பியதால்தான் மாணவி குறித்த நாளில் சேரவில்லை, தவறு முழுவதும் தன்னுடையது. இந்த முறை பேனா ஓடவில்லை. மூன்று இடத்தில் அடித்து எழுதினார். கடைசியில், இம்மாணவியின் திறமையை நான் சரிவரக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று முடித்தார்.

பென்சில் வாங்கி, கடிதம் முழுவதையும் நிதானமாகப் படித்தாள்.

"ஒண்ணு மாத்தணும் மிஸ்," என்றாள். "'சரிவரக் கவனிக்கத் தவறிவிட்டேன்'னு போட்டிருக்கீங்க. பாக்கவே இல்லைன்னு போடுங்க."

டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டு அப்படியே போட்டார்.

புதன்கிழமை காலை, தலைமையாசிரியை அந்தக் கடிதத்தை ரெண்டு தரம் படித்தார். அவரும் டீச்சரும் பதினெட்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இந்தத் திட்டத்தை இன்னும் நாலு பள்ளிக்கூடங்கள் எடுத்து நடத்தப் போகின்றன, அடுத்த மாதம் அதற்கு ஒரு கூட்டம், அதில் பேசப்போவதே டீச்சர்தான்.

"காய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதினா முடிஞ்சுது," என்றார் தலைமையாசிரியை. "இதை எதுக்கு இப்படி எழுதணும்?"

"அதையும் எழுதிக் கொண்டுபோனேன் மேடம். அந்தப் பொண்ணு ஒத்துக்கலை."

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். சீலையும் எடுத்து வைத்தார். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஒண்ணுதானா?"

அறைக்கு வெளியே பெஞ்சில் பென்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"இல்லை மேடம்," என்றார் டீச்சர். "எல்லாமே." பையிலிருந்து பேனா டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

கூட்டத்தில் டீச்சர் பேசவில்லை. பென்சிலுக்கு இடம் கிடைத்தது. அதைச் சொல்ல அவள் டீச்சரைத் தேடி வரவில்லை, அவள் அம்மாவும் வரவில்லை. டீச்சரே போன் போட்டு அந்தக் கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். போன வருஷத்து மற்ற நாற்பத்தொரு வீடுகளுக்கும் தானே போய்ச் சொல்வதாகத் தலைமையாசிரியையிடம் ஒப்புக்கொண்டிருந்தார். சாயங்காலத்தில் ஒன்று, ரெண்டு என்று போனார். ஒரு வீட்டில் பேக்கரி அம்மாவின் பச்சை மைப் பாராட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். கதவு திறப்பதற்காக ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்போது, பழைய பழக்கத்தில் விரல் மூக்குக்குப் போகும். கண்ணாடி அதன் இடத்திலேயே இருக்கும்.